‘டை’ எதற்கு, ‘மோனோ’ எங்கே? மூலக்கூறுச் சேர்மங்களுக்குப் பெயர் வைக்க ஒரு முழுமையான வழிகாட்டி

கார்பன் டை ஆக்சைடு என்று ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகூடச் சொல்லிவிடும். அதில் வரும் ‘டை’ எதற்கு என்று கேட்டால் பிளஸ் டூ மாணவர்களிலும் பலர் விழிப்பார்கள். இதே கேள்வியை யாழ்ப்பாணத்து மாணவரிடம் கேட்டால் அவருக்குச் சிரமமே இருக்காது. அவருடைய பாடப்புத்தகத்தில் அந்த வாயுவின் பெயர் காபனீரொட்சைட்டு. பிரித்துப் பாருங்கள்: காபன், ஈர், ஒட்சைட்டு. ஒரு காபன், இரண்டு ஒட்சிசன். வண்டிப் புகையிலிருந்து வரும் நச்சு வாயு அங்கே காபனோரொட்சைட்டு: காபன், ஓர், ஒட்சைட்டு. ‘ஓருயிர் ஈருடல்’ என்கிறோமே, அதே ஓர், அதே ஈர்.

இந்த வழிகாட்டி முழுவதும் சொல்லப்போவது இந்த ஒரே விஷயத்தைத்தான். பெயர் என்பது வாய்ப்பாட்டை, அதாவது எந்தத் தனிமம் எத்தனை அணு என்று காட்டும் குறியீட்டை, வாய்விட்டு எண்ணிச் சொல்வது. எண்ணிக்கை சொன்னால்தான் புரியும் என்ற இடத்தில் சொல்கிறோம். சொல்லாமலே தெரியும் என்ற இடத்தில் விட்டுவிடுகிறோம். விதிவிலக்கு என்று மாணவர்கள் மனப்பாடம் செய்கிற பலவும் இதற்குள் அடங்கிவிடும்.

தொடங்கும் முன் ஒரு வார்த்தை. இங்கே வாய்ப்பாடுகளை வகுப்பில் உரக்கப் படிக்கிற மாதிரியே எழுதியிருக்கிறேன். ஒரு தனிமத்துக்கும் அடுத்ததற்கும் நடுவே இடைவெளி விட்டிருக்கிறேன். ‘என்2 ஓ4’ என்றால் நைட்ரஜன் இரண்டு, ஆக்சிஜன் நான்கு. ‘சி சிஎல்4’ என்றால் கார்பன் ஒன்று, குளோரின் நான்கு. போரானும் பாஸ்பரஸும் காதுக்கு ஒரே ‘பி’யாக விழும் என்பதால் அவை வரும் இடத்தில் முழுப் பெயரையே எழுதுகிறேன். வகுப்பிலும் இந்தக் குழப்பம் உண்டு. ஆசிரியர் ஒன்றைச் சொல்ல, பிள்ளைகள் இன்னொன்றை எழுதியிருப்பார்கள்.

படி 1: இது மூலக்கூறுச் சேர்மம்தானா?

பெயர் வைக்கும் முன் எந்த விதிப்புத்தகத்தைத் திறப்பது என்று முடிவு செய்ய வேண்டும். தவறுகளில் பெரும்பகுதி இங்கேதான் பிறக்கிறது.

தனிம வரிசை அட்டவணையில் வலப்பக்கம் படிக்கட்டு போல ஒரு கோடு இறங்கும். அதற்கு வலப்புறம் இருப்பவை அலோகங்கள். கோட்டை ஒட்டி போரான், சிலிக்கான், ஆர்செனிக் போன்ற உலோகப்போலிகள். ஹைட்ரஜன் இடது மூலையில் உட்கார்ந்திருந்தாலும் அதுவும் அலோகம்தான். வாய்ப்பாட்டில் இரண்டே தனிமங்கள் இருந்து, இரண்டும் அலோகமாகவோ உலோகப்போலியாகவோ இருந்தால் அதை மூலக்கூறுச் சேர்மம் என்று கொள்ளலாம், இந்த வழிகாட்டி அதற்குப் பொருந்தும்.

ஒன்று உலோகம் என்றால் கதை வேறு. ‘சிஏ சிஎல்2’ என்பது கால்சியம் குளோரைடு, கால்சியம் டைகுளோரைடு அல்ல. கால்சியம் எப்போதும் இரண்டு நேர்மின் சுமையோடுதான் வரும், குளோரைடுக்கு ஓர் எதிர்மின் சுமை. ஆக, ஒன்றுக்கு இரண்டு என்பது தானே விளங்கும். எண்ணிச் சொல்வது வீண்.

அலோகங்கள் அப்படிக் கட்டுப்பட்டவை அல்ல. எலக்ட்ரான்களைப் பகிர்ந்துகொள்வதால் ஒரே இரண்டு தனிமங்கள் பல விதமாகச் சேரும். நைட்ரஜனும் ஆக்சிஜனும் மட்டுமே சேர்ந்து என்2 ஓ, என் ஓ, என்2 ஓ3, என் ஓ2, என்2 ஓ4, என்2 ஓ5 என்று ஆறு சேர்மங்களைத் தருகின்றன. ‘நைட்ரஜன் ஆக்சைடு’ என்று மட்டும் சொன்னால் ஆறில் எது? முதலாவது பல் மருத்துவர் வலி தெரியாமலிருக்கக் கொடுக்கும் சிரிப்பூட்டும் வாயு. நான்காவது நுரையீரலைப் புண்ணாக்கும் பழுப்பு நிற நச்சு. பெயரில் எண்ணிக்கை இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டாம்.

மாங்கனீசு டை ஆக்சைடு, டைட்டானியம் டை ஆக்சைடு என்றெல்லாம் கேள்விப்பட்டிருக்கிறோமே, அவை உலோகங்கள்தானே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. இடைநிலை உலோகங்கள் பல விதமான சுமைகளோடு வருபவை. அவற்றுக்கு ரோமன் எண் போட்டு எழுதுவது பாடப்புத்தக முறை. ஆலைகளிலும் கடைகளிலும் எண்ணிச் சொல்லும் பழக்கமே நிலைத்துவிட்டது. தேர்வில் கேட்ட முறைப்படி எழுதுங்கள், கடையில் கேட்ட பெயரைக் குறை சொல்லாதீர்கள்.

படி 2: முதல் தனிமத்தின் பெயரை அப்படியே சொல்லுங்கள்

முதலில் நிற்கும் தனிமத்துக்கு எந்த மாற்றமும் இல்லை. எஸ் ஓ2 என்றால் ‘சல்ஃபர்’. என்2 ஓ5 என்றால் ‘நைட்ரஜன்’. எண்ணிக்கையைப் பிறகு பார்ப்போம்.

எது முதலில் நிற்க வேண்டும் என்ற கவலை வாய்ப்பாடு கையில் இருக்கும்போது வேண்டாம். எழுதியவர் முடிவு செய்துவிட்டார். ஆனாலும் காரணம் தெரிந்திருப்பது நல்லது. பெரும்பாலும் எலக்ட்ரானைத் தன் பக்கம் இழுக்கும் வலிமை குறைந்தது முன்னால், கூடியது பின்னால். ஒரே தொகுதியில், அதாவது அட்டவணையின் ஒரே செங்குத்து வரிசையில் இருந்தால் கீழே உள்ளது முன்னால். அதனால் எஸ் ஓ2, ஐ சிஎல். எல்லாத் தனிமங்களிலும் அதிகமாக இழுப்பது ஃபுளூரின், எனவே அது எப்போதும் கடைசி. ஆக்சிஜன் ஃபுளூரினோடு சேர்ந்தால் மட்டும் முன்னே வரும்: ஓ எஃப்2, ஆக்சிஜன் டைஃபுளூரைடு. ‘ஃபுளூரின் ஆக்சைடு’ என்று எழுதினால் மதிப்பெண் போய்விடும்.

குளோரின், ஆக்சிஜன் விஷயத்தில் ஒரு சிறு குடைச்சல் உண்டு. சிஎல் ஓ2 என்பதை உலகம் முழுக்க குளோரின் டை ஆக்சைடு என்றே சொல்கிறார்கள். குடிநீரில் கிருமி கொல்லவும் காகிதக் கூழை வெளுக்கவும் பயன்படுகிறது. பெயரிடும் விதிகளை வகுக்கும் பன்னாட்டு அமைப்பான ஐயூபேக், 2005 பரிந்துரைகளில் ஆக்சிஜனை எல்லா ஹாலஜன்களுக்கும் (ஃபுளூரின், குளோரின், புரோமின், அயோடின் குடும்பத்துக்கு) முன்னே நகர்த்தியது. பள்ளிப் பாடமும் தொழிற்சாலையும் பழைய பெயரிலேயே இருக்கின்றன. நீங்களும் அப்படியே இருக்கலாம்.

படி 3: இரண்டாவது தனிமத்தின் வாலை மாற்றுங்கள்

இரண்டாவது தனிமத்தின் பெயர் வாலை வெட்டிவிட்டு ‘ஐடு’ ஒட்ட வேண்டும். ஆக்சிஜன் ஆக்சைடு ஆகும். குளோரின் குளோரைடு, ஃபுளூரின் ஃபுளூரைடு, புரோமின் புரோமைடு, அயோடின் அயோடைடு, சல்ஃபர் சல்ஃபைடு, நைட்ரஜன் நைட்ரைடு, பாஸ்பரஸ் பாஸ்பைடு, கார்பன் கார்பைடு, ஹைட்ரஜன் ஹைட்ரைடு. இவ்வளவுதான், இதற்கு மேல் பள்ளியில் வராது.

படி 4: எண்ணுங்கள்

இதுதான் உயிர்நாடி. பத்து வரை எண்ணத் தெரிந்தால் போதும்: மோனோ, டை, ட்ரை, டெட்ரா, பென்டா, ஹெக்சா, ஹெப்டா, ஆக்டா, நோனா, டெக்கா.

இதைக் கிரேக்கம் என்று மிரண்டு உருப்போடுகிறார்கள். தேவையே இல்லை. கிரேக்கமும் சமஸ்கிருதமும் தூரத்து உறவுமுறை. நம் ஊர்க் கோயிலிலும் கடைத்தெருவிலும் இந்த எண்கள் வேறு உடையில் உலவுகின்றன. ட்ரை என்பது திரிசூலத்தின் திரி. பென்டா பஞ்சாமிர்தத்தின் பஞ்ச. ஹெக்சா கந்த சஷ்டியின் சஷ்டி. ஹெப்டா சப்தகன்னியரின் சப்த. ஆக்டா அஷ்டலட்சுமியின் அஷ்ட. டெக்கா தசாவதாரத்தின் தச. நோனா மட்டும் லத்தீன், அதுவும் நவதானியத்தின் நவவுக்குச் சொந்தம்தான். சமஸ்கிருதத்தில் ‘ச’ வரும் இடத்தில் கிரேக்கத்தில் ‘ஹ’ வரும் என்று ஒருமுறை பிடித்துக்கொண்டால் ஹெக்சாவும் ஹெப்டாவும் இனிக் குழம்பா. மிஞ்சுவது டெட்ரா ஒன்று. பாலும் பழச்சாறும் வரும் டெட்ரா பேக்கை நினைத்துக்கொள்ளுங்கள்: அந்த நிறுவனத்தின் முதல் பொட்டலம் நான்கு முகம் கொண்ட நான்முகி வடிவில் இருந்தது, பெயர் அதிலிருந்தே வந்தது.

இனி எண்ணிக்கையை அந்தந்தத் தனிமத்தின் பெயருக்கு முன் ஒட்டுங்கள். என்2 ஓ5: டைநைட்ரஜன், பென்டா ஆக்சைடு. எஸ் எஃப்6: சல்ஃபர் ஹெக்சாஃபுளூரைடு. இது துணை மின்நிலையங்களின் உயர் அழுத்த சுவிட்சுகளுக்குள் மின்பொறி பாயாமல் காக்கும் வாயு. 1997-இன் கியோட்டோ உடன்படிக்கை பட்டியலிட்ட பசுமை இல்ல வாயுக்களில் இதுவும் ஒன்று. பின்னாளில் அதே பட்டியலில் சேர்ந்தது என் எஃப்3. நைட்ரஜன் ட்ரைஃபுளூரைடு என்று இப்போது நீங்களே சொல்லிவிடுவீர்கள்.

படி 5: மோனோ எங்கே வரும், எங்கே வராது

முதல் தனிமம் ஒன்றே ஒன்று என்றால் மோனோ சொல்வதில்லை. சி ஓ2 என்பது மோனோகார்பன் டை ஆக்சைடு அல்ல. எண் எதுவும் சொல்லவில்லை என்றாலே ஒன்று என்று பொருள். ‘வீட்டுக்கு மாமா வந்தார்’ என்றால் எத்தனை மாமா என்று யாரும் கேட்பதில்லை.

இரண்டாவது தனிமம் ஒன்றே என்றால் மோனோ சொல்லியாக வேண்டும். சி ஓ என்பது கார்பன் மோனாக்சைடு. இங்கே மட்டும் ஏன் இந்தப் பிடிவாதம்? பக்கத்திலேயே டை ஆக்சைடு நிற்கிறதே. ஒன்றை நாம் மூச்சுக்கு மூச்சு வெளியே விடுகிறோம். மற்றது இரத்தத்தின் ஹீமோகுளோபினோடு ஆக்சிஜனைவிடப் பல மடங்கு இறுக்கமாக ஒட்டிக்கொண்டு ஆளைக் கொல்லும். மூடிய அறையில் கரி அடுப்பை எரித்துவிட்டுத் தூங்கியவர்கள் எழுந்திருக்காமல் போவது இதனால்தான். இந்த இரண்டுக்கும் நடுவே இருப்பது ஓர் அணுவும் அதைச் சொல்லும் ஓர் அசையும்.

இதே விதியில் என் ஓ நைட்ரஜன் மோனாக்சைடு. நைட்ரிக் ஆக்சைடு என்ற பழைய பெயரும் புழக்கத்தில் உண்டு. உடலுக்குள் இரத்தக் குழாய்களை விரியச் சொல்லும் தூதுவன் இந்தச் சின்ன மூலக்கூறுதான் என்று காட்டியதற்காக 1998-இல் மூவருக்கு மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. நைட்ரஸ், நைட்ரிக் என்ற பழைய முறையில் இரண்டே வால்கள். ஆறு ஆக்சைடுகளுக்கு அவை எப்படிப் போதும்? எண்ணிச் சொல்லும் முறை நிலைத்ததற்கு அது போதாமல் போனதும் ஒரு காரணம்.

இடையில் ஒலிச் சேர்க்கை ஒன்று. மோனோவும் ஆக்சைடும் சேர்ந்தால் மோனாக்சைடு. டெட்ராவும் ஆக்சைடும் டெட்ராக்சைடு, பென்டா வந்தால் பென்டாக்சைடு, டெக்கா வந்தால் டெக்காக்சைடு. இரண்டு உயிரெழுத்து மோதினால் ஒன்று விழும். தமிழ் இலக்கணத்தில் புணர்ச்சி விதி படித்த நமக்கு இது புதிதல்ல. டை, ட்ரை இரண்டும் எதையும் இழக்கா: டை ஆக்சைடு, ட்ரை ஆக்சைடு. என் ஐ3 என்பதும் நைட்ரஜன் ட்ரைஅயோடைடு. அதை ‘ட்ரையோடைடு’ என்று சுருக்கக் கூடாது. இறகு பட்டாலே வெடித்து ஊதாப் புகை விடும் சேர்மம் அது. பெயரை மட்டும் எழுதிப் பழகுங்கள், ஆய்வகத்தில் செய்து பார்க்க வேண்டாம்.

வாய்ப்பாட்டைச் சுருக்காதீர்கள்

அயனிச் சேர்மங்களில், அதாவது உப்பு போல உலோகமும் அலோகமும் சேர்ந்தவற்றில் பழகிய கை, எண்களைக் கண்டால் உடனே வகுக்கத் தொடங்கிவிடும். என்2 ஓ4-ஐப் பார்த்ததும் இரண்டால் வகுத்து என் ஓ2 என்று எழுதி, நைட்ரஜன் டை ஆக்சைடு என்று பெயரும் வைத்துவிடுவார்கள். நான் திருத்திய தாள்களில் அதிகம் கண்ட தவறு இதுதான்.

உப்பில் தனித்தனி மூலக்கூறு கிடையாது. அயனிகள் அடுக்கடுக்காக நிற்கும், விகிதம் சொன்னால் போதும். இங்கே அப்படியில்லை. என்2 ஓ4 என்பது ஆறு அணுக்கள் கட்டிப்பிடித்து நிற்கும் ஒரு தனி ஆள். என் ஓ2 மூன்று அணுக்களின் இன்னொரு ஆள். நைட்ரஜன் டை ஆக்சைடு பழுப்பு நிறம், டைநைட்ரஜன் டெட்ராக்சைடுக்கு நிறமில்லை. மூடிய கண்ணாடிக் குழாயில் பழுப்பு வாயுவை அடைத்துப் பனிக்கட்டியில் வைத்தால் நிறம் வெளுக்கும்: மூலக்கூறுகள் ஜோடி சேர்கின்றன. வெந்நீரில் வைத்தால் மறுபடி பழுப்பு. பெயர் மாறுவதைக் கண்ணால் பார்க்கலாம் என்று சொன்னால் பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்கள்.

அந்த டைநைட்ரஜன் டெட்ராக்சைடு நமக்கு அந்நியமும் அல்ல. பி.எஸ்.எல்.வி. ராக்கெட்டின் இரண்டாம் கட்டத்தில் உள்ள விகாஸ் இயந்திரத்தில் எரிபொருளை எரிக்க ஆக்சிஜன் தருவது அதுவே. அந்த இயந்திரத்தைச் சோதிக்கும் இடம் திருநெல்வேலி மாவட்டத்து மகேந்திரகிரி.

சல்ஃபரும் குளோரினும் இதே பாடத்தை நடத்தும். எஸ்2 சிஎல்2 டைசல்ஃபர் டைகுளோரைடு, மஞ்சள் நிறத் திரவம். எஸ் சிஎல்2 சல்ஃபர் டைகுளோரைடு, செக்கச் சிவந்த திரவம். வகுத்துச் சுருக்கினால் ‘எஸ் சிஎல்’ என்ற இரண்டுமல்லாத ஒன்று கிடைக்கும்.

பாஸ்பரஸ் காற்றில் எரிந்தால் வரும் வெண்புகைக்கு இரண்டு பெயர் வழங்குகிறது. மூலக்கூறில் உண்மையில் இருப்பது பாஸ்பரஸ் நான்கு, ஆக்சிஜன் பத்து. ஆகவே டெட்ராபாஸ்பரஸ் டெக்காக்சைடு. மூலக்கூறின் முழு அளவு தெரியாத காலத்தில் விகிதத்தை மட்டும் வைத்துப் பாஸ்பரஸ் பென்டாக்சைடு என்றார்கள். அது இன்னும் போகவில்லை. டிஏபி உர மூட்டையில் 18-46-0 என்று அச்சிட்டிருப்பதில் அந்த 46, பாஸ்பரஸை இந்தப் பென்டாக்சைடாகக் கணக்கிட்டால் வரும் சதவீதம். மூட்டைக்குள் பென்டாக்சைடு ஒரு துளிகூடக் கிடையாது. கணக்கு வழக்கில் மட்டும் உயிர் வாழும் பெயர்!

ஹைட்ரஜன் வந்தால்

எச்2 எஸ் என்பதை டைஹைட்ரஜன் மோனோசல்ஃபைடு என்று எழுதினால் விதிப்படி தவறில்லை. ஆனால் வழக்கில் ஹைட்ரஜன் சல்ஃபைடு என்றே சொல்கிறோம். பிணைப்புக்கு நீட்ட ஹைட்ரஜனுக்கு ஒரே ஒரு கை, சல்ஃபைடுக்கு இரண்டு. எத்தனை என்பது தானே விளங்குவதால் எண்ணுவதை விட்டுவிட்டார்கள், கால்சியம் குளோரைடில் விட்டதைப் போலவே. எச் சிஎல் ஹைட்ரஜன் குளோரைடு. இது வாயுவின் பெயர். அதைத் தண்ணீரில் கரைத்தால் ஹைட்ரோகுளோரிக் அமிலம் என்று வேறு பெயர் எடுத்துக்கொள்ளும்.

சில சேர்மங்கள் விதி பிறக்கும் முன்பே பெயர் பெற்றவை. எச்2 ஓ தண்ணீர். என் எச்3 அம்மோனியா. சி எச்4 மீத்தேன். எச்2 ஓ2 ஹைட்ரஜன் பெராக்சைடு. இவற்றை எண்ணிச் சொல்லப் போனால் வேடிக்கையாகிவிடும். 1997-இல் அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில் 14 வயது மாணவர் ஒருவர் டைஹைட்ரஜன் மோனாக்சைடின் ஆபத்துகளைப் பட்டியலிட்டார்: மூச்சுக்குழாயில் போனால் மரணம், இரும்பை அரிக்கும், அமில மழையில் இருக்கும். அதைத் தடை செய்யலாமா என்று 50 மாணவர்களிடம் கேட்டார். 43 பேர் தடை செய்யச் சொன்னார்கள். அவர்கள் தடுக்கச் சொன்னது தண்ணீரை. பெயரைப் பிரித்து எண்ணத் தெரிந்திருந்தால் நான்கு நொடியில் சிரித்திருப்பார்கள்.

பயிற்சி

கீழே உள்ளவற்றுக்குப் பெயரை முதலில் தாளில் எழுதிவிட்டு விடையைப் பாருங்கள்.

சி சிஎல்4. கார்பன் டெட்ராகுளோரைடு. உலர்சலவைக்கும் தீயணைப்பானுக்கும் ஒருகாலத்தில் பயன்பட்டது. ஓசோன் படலத்தைக் கெடுப்பதால் மாண்ட்ரியல் உடன்படிக்கையின் கட்டுப்பாட்டுக்குள் வந்தது. யாழ்ப்பாணத்தில் காபன் நாற்குளோரைட்டு.

சி எஸ்2. கார்பன் டைசல்ஃபைடு. ரேயான் நூல் ஆலைகளின் பழைய நண்பன்.

சிஎல்2 ஓ7. டைகுளோரின் ஹெப்டாக்சைடு.

ஐ எஃப்7. அயோடின் ஹெப்டாஃபுளூரைடு. முதலாவது ஒன்றே என்பதால் மோனோ இல்லை.

என்ஏ2 எஸ். டைசோடியம் சல்ஃபைடு என்று எழுதியவர்கள் படி 1-க்குத் திரும்புங்கள். சோடியம் உலோகம், சோடியம் சல்ஃபைடு என்றால் போதும்.

எஸ் ஓ2. சல்ஃபர் டை ஆக்சைடு. நம் சர்க்கரை ஆலைகளில் கரும்புச் சாற்றின் நிறத்தைப் போக்க இதைத்தான் செலுத்துகிறார்கள். கந்தகவீரொட்சைட்டு என்று எழுதியிருந்தாலும் முழு மதிப்பெண்.

கடைசியாகத் தலைகீழாக ஒன்று. டெட்ராபாஸ்பரஸ் ட்ரைசல்ஃபைடு என்ற பெயரிலிருந்து வாய்ப்பாட்டை எழுதுங்கள். டெட்ரா நான்கு, ட்ரை மூன்று. பாஸ்பரஸ் நான்கு, சல்ஃபர் மூன்று. சுவரிலோ செருப்பின் அடியிலோ எங்கே உரசினாலும் பற்றிக்கொள்ளும் தீக்குச்சியின் தலையில் இருப்பது இது. சிவகாசித் தீக்குச்சிக்கு இது தேவையில்லை. அதற்கு வேண்டிய சிவப்புப் பாஸ்பரஸ் பெட்டியின் பக்கவாட்டில் பூசியிருக்கிறது.